நிலவறையில் ஒரு தூண்டாமணி விளக்கு

என் தாயார் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதில் எங்கள் ஊரில் பெயர் பெற்றவர். கிணற்றடிக்கு அப்பால் மூன்று கற்களை நாட்டி, அவற்றின்மேல் பெரிய கிடாரத்தை ஏற்றி, ஊமலும் பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் இட்டு எரிப்பார். வேப்பிலை, நொச்சியிலை, பாவட்டையிலை எல்லாம் நீரிலே கிடந்து வெந்து நிறம் மாறும். பதம் பார்க்க அவரிடம் கருவி எதுவும் இருந்ததில்லை. முழங்கையை ஒருமுறை நனைப்பார், அவ்வளவுதான். சூடு மிஞ்சினால் கொள்ளியை வெளியே இழுத்து மணலில் தேய்ப்பார். நெருப்பு கண்முன்னே எரிந்தது, கண்முன்னே அணைந்தது. அதனிடத்தில் மறைவான விஷயம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தத் தாயாருக்குப் பிறந்த நான், முப்பத்து மூன்று ஆண்டுகள் வடமராட்சியில் மனையியல் ஆசிரியையாகக் கடமை புரிந்தவள். மண்ணெண்ணெய் அடுப்பை எப்படி அணைப்பது, சேலைத் தலைப்பை எப்படிச் செருகுவது என்று எத்தனையோ தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பியிருந்தேன் என்பதை வாசகர்கள் அறிந்துகொண்டாற்றான், பின்னால் வரப்போகும் வெட்கக்கேடு விளங்கும்.

2013 நவம்பர் மாதம், மகளின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்காகக் கனடாவிலே ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். போய் இறங்கிய மறுநாளே மருமகன் வீட்டைச் சுற்றிக் காட்டினார். நிலவறையின் ஒரு மூலையிலே, என் தோளுயரத்துக்குச் சற்று மேலாக, வெள்ளை வர்ணம் பூசிய உருளையொன்று நின்றது. ஏறத்தாழ 190 லீற்றர் நீர் கொள்ளும் வெந்நீர்த் தாங்கி அது. எரிவாயுவினால் இயங்குவது. அந்த ஊரில் வெந்நீர்த் தாங்கியைப் பலர் வாடகைக்கே வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் அதற்கொரு கணக்கு வரும். வெந்நீருக்கு வாடகையா என்று நான் வாய்விட்டுக் கேட்டதும், மருமகன் சிரித்துவிட்டு அப்பால் போனதும் நினைவிருக்கின்றன.

அந்தத் தாங்கியின் அடியிலே ஒரு சிறு கண்ணாடித் துவாரம். குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு நீலச் சுடர், பெருவிரல் நகமளவு, அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். அதைப் ‘பைலற்’ என்று சொல்லுகிறார்கள். தண்ணீர் ஆறிவிட்டால் வாயு தானாகத் திறந்து, இந்தச் சிறு சுடரிலே பற்றி, பெரிய அடுப்பாக எரியும். சூடேறியதும் பெரிய அடுப்பு அணையும். சிறு சுடர் மாத்திரம் இரவும் பகலும் நிற்கும். எங்கள் கோயில் மூலஸ்தானத்துத் தூண்டாமணி விளக்கை நினைத்துக்கொண்டேன். திரி தூண்ட ஆளில்லாமல் எரிவதனாற்றானே அதற்கு அந்தப் பெயர்!

அந்த விளக்கின் மகிமையை அடுத்த மாதமே கண்டேன். டிசம்பர் 21ஆந் திகதி இரவு தொடங்கி உறைமழை பெய்தது. மரக்கிளைகள் எல்லாம் கண்ணாடி பூசியதுபோல் ஆகி, பாரந் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுந்தன. ரொறன்ரோவில் மாத்திரம் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்பாவனையாளர்கள் இருளில் மூழ்கினர். எங்கள் வீட்டிலே விளக்கில்லை, அடுப்பில்லை. வீட்டைச் சூடாக்கும் உலை எரிவாயுவில் எரிவதுதான். ஆனால் சூட்டை அறைதோறும் தள்ளும் காற்றாடிக்கு மின்சாரம் வேண்டுமாதலால் அதுவும் நின்றுவிட்டது. நிறைமாதக் கர்ப்பிணியான மகளை மூன்று கம்பளிகளால் மூடி வைத்திருந்தோம். குளியலறைக் குழாயைத் திறந்தேன். ஆவி பறக்க வெந்நீர் வந்தது! அந்த வெள்ளை உருளைக்கு மின்சாரமே தேவையில்லையாம். அதே தெருவிலே புதிய மாதிரித் தாங்கி வைத்திருந்தவர்களுக்கு, புகையை வெளியே தள்ளும் காற்றாடி சுழலாதபடியால், வெந்நீரும் கிடைக்கவில்லை. நாங்கள் போத்தல்களில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் வைத்துக்கொண்டு அந்த நாட்களைக் கழித்தோம். அன்று முதல் எனக்கும் அந்தத் தாங்கிக்கும் ஒரு சொந்தம் ஏற்பட்டுவிட்டது. சொந்தம் மிஞ்சினால் பயம் போய்விடும்.

ஜனவரியில் ஆண்குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் அதிகாலை, மகளுக்கு முழுக்குவார்ப்பதற்காக வேப்பிலையைத் தமிழ்க் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்தேன். இரவெல்லாம் வீட்டைப் பெயர்க்கிற காற்று. மருமகன் இரவு வேலைக்குப் போயிருந்தார். குழாயைத் திறந்தேன், ஈட்டி போலத் தண்ணீர் கையைக் குத்தியது. விட்டுப் பார்த்தேன், பின்னும் குளிர்நீர்தான்.

“அம்மா, அடுப்பிலே ஒரு பானை சுடவைப்பம். விடிய அவர் வந்து கீழே பார்க்கட்டும்,” என்றாள் மகள்.

“ஒரு விளக்கைக் கொளுத்த எனக்குத் தெரியாதே, பிள்ளை? நீ பேசாமல் படு,” என்று சொல்லிவிட்டு, விளக்கேற்ற வைத்திருந்த நெருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். பத்து வயதுப் பேத்தி விழித்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கண்ணாடித் துவாரம் இருண்டு கிடந்தது. சுடர் அணைந்துவிட்டது. சுற்றிலும் தடவிப் பார்த்தேன், சுடருக்கு வழி எங்கே என்று. அப்பொழுது மெல்லியதாய் ஒரு நாற்றம் மூக்கிலே பட்டது. கூழ்முட்டை நாற்றம். பழைய நிலவறை, எங்கேயாவது நீர் தேங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாற்றத்தை உணராமல் இருந்தேனென்று சொல்ல எனக்கு மனமில்லை. உணர்ந்தேன், உணர்ந்துகொண்டே பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தேன்.

“அம்மம்மா, தட்டாதேங்கோ!”

பேத்தி என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். தாங்கியின் வயிற்றில் ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக் காட்டினாள். பொடி எழுத்தில் ஆங்கிலம். மூக்குக்கண்ணாடி மேலே கிடந்தது. அவளே வாசித்தாள். வாயு மணந்தால் எதையும் கொளுத்த வேண்டாம். எந்த மின்னாளியையும் தொட வேண்டாம். அவ்வீட்டின் தொலைபேசியைப் பாவிக்க வேண்டாம். உடனே வெளியேறி அயல்வீட்டிலிருந்து வாயுக் கம்பனிக்கு அறிவியுங்கள். இவ்வளவுதான். பாடசாலையிலே தீயணைப்புப் படையினர் வந்து இதையே சொல்லித் தந்தார்களாம்.

குச்சியைப் பெட்டியிலே திரும்ப வைத்தேன். மேலே ஏறும்பொழுது, பழக்கதோஷத்தினால் நிலவறை விளக்கை அணைக்கக் கை நீண்டது. “அதையும் தொடாதேங்கோ, எரியிறது எரியட்டும்,” என்றாள். ஆளியைப் போடும்பொழுது மாத்திரமல்ல, அணைக்கும்பொழுதும் உள்ளே ஒரு பொறி பாய்கிறது என்பதை விஞ்ஞான பாடத்தில் நானும் படித்ததுண்டு. படித்தது கைக்கு வரவில்லை.

வெளியேறுங்கள் என்று தாள் சொல்லிவிட்டது. ஆனால் யாரை வெளியேற்றுவது? வாசலுக்கு வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிர். உள்ளே ஒன்பது நாட் குழந்தை, அதைப் பெற்றவள். பிள்ளை பெற்றவளைக் காற்றுப்பட விடாதே என்று என் தாயும், அவள் தாயும், ஊரிலுள்ள மூத்த பெண்கள் அனைவரும் எனக்கு விதித்திருந்தார்கள். கதவிடுக்கில் சீலை அடைத்து, காதிலே பஞ்சு வைத்துப் பார்த்த உடம்பு அது. ஒரு காகிதத் துண்டின் சொல்லுக்காக அவளை உறைபனியில் நடத்திக்கொண்டு போவதா? நாற்றம் சொற்பந்தானே, யன்னலைத் திறந்துவிட்டு இருக்கலாமே? மாடிப்படியின் நடுவிலே நான் நின்ற நேரம் அரை நிமிஷம் இருக்காது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான அரை நிமிஷத்தை நான் கண்டதில்லை.

குழந்தையைக் கம்பளியில் சுருட்டி என் மேலங்கிக்குள்ளே வைத்துக்கொண்டேன். மகளுக்கு இரண்டு சப்பாத்தும் நானே மாட்டினேன். பக்கத்து வீட்டிலே பிலிப்பைன்ஸ் தேசத்து மூதாட்டி ஒருவர் இருந்தார்; அதுவரை தலையசைத்துக்கொண்டதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைத் திறந்தவர் குழந்தையைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. தம்முடைய படுக்கையையே விட்டுக் கொடுத்தார். பேத்தி அங்கிருந்து வாயுக் கம்பனியை அழைத்து, வீட்டிலக்கத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

அரைமணி நேரத்துக்குள் ஒருவர் கையில் அளவு கருவியோடு வந்துவிட்டார். தாங்கிக்கு வாயுவைக் கொண்டுவரும் இரும்புக் குழாயில் ஒரு பொருத்து தளர்ந்திருந்தது. சவர்க்கார நீரைப் பூசிக் காட்டினார் என்று மருமகன் பின்னர் சொன்னார். நுரை குமிழிட்டு எழுந்ததாம். அவர் அந்தக் குழாயை மட்டும் பூட்டி, வீட்டைக் காற்றோட்டப்படுத்தி, தாங்கியின் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். அந்த அட்டை இருக்கும்வரை அதைக் கொளுத்தக் கூடாது. மகளுக்குக் காய்ச்சலும் வரவில்லை, சன்னியும் வரவில்லை. அன்று மாலை மின்னடுப்பிலே பானை வைத்துத்தான் முழுக்காட்டினோம்; காலையிலேயே அதைச் செய்திருக்கலாம்.

அடுத்த நாள் திருத்த வந்தவர் ஒரு தமிழ்ப் பிள்ளை. பருத்தித்துறைப் பக்கமென்று பேச்சிலேயே தெரிந்தது. பொருத்தைக் கழற்றி மீண்டும் இறுக்கி, நுரை பூசிச் சோதித்த பின், “அம்மா, நெருப்புக்குச்சி கொண்டு வந்தனீங்களாம். இதிலே குச்சி விட ஓட்டையே இல்லை, பாருங்கோ,” என்று சிரித்தார். உண்மைதான். எரியும் அறை மூடி முடுக்கப்பட்டது. கொளுத்துவதற்கு வெளியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் உள்ளே பொறி தட்டும். நான் குச்சியைத் தட்டியிருந்தால் சுடர் எரிந்திராது. குழாயிலிருந்து கசிந்து நின்றதுதான் எரிந்திருக்கும்.

“சுடர் அணைஞ்சபடியாற்றானே தம்பி, வாயு மணத்தது?” என்று கேட்டேன். இல்லை என்றார். அவை இரண்டும் இரண்டு குற்றங்கள். இரவுக் காற்று புகைபோக்கி வழியாகக் கீழிறங்கிச் சுடரை அணைத்திருக்கலாம். ஆனால் சுடர் அணைந்தால் வாயு தானே அடைபட வேண்டும். அதற்கு ஒரு காவற்காரன் இருக்கிறான். பேனாவைவிட மெல்லிய ஓர் உலோகக் கோல், சுடரின் நாக்கிலே நுனியை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெவ்வேறான இரண்டு உலோகங்களைச் சேர்த்துப் பொருத்திய முனை அது. விஞ்ஞான நூல்களில் வெப்பவிணை என்று சொல்வார்கள். சூடுபட்டால் சொற்ப மின்சாரம் பிறக்கும், ஏறத்தாழ 30 மில்லிவோல்ற்று. ரோர்ச் விளக்குக்குப் போடும் ஒரு பற்றரியில் ஐம்பதில் ஒரு பங்கு! அந்த அற்ப சக்தி ஒரு மின்காந்தத்தைப் பிடித்து நிறுத்த, மின்காந்தம் வாயுக் கதவைப் பிடித்து நிறுத்துகிறது. சுடர் போனால் முனை ஆறும், பிடி விடும், கதவு விழும். உறைமழை நாட்களில் ஊரெல்லாம் இருண்டிருக்க எங்களுக்கு வெந்நீர் வந்த இரகசியமும் இதுவே. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் சுடரிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது.

இந்த வேலைப்பாட்டைக் கேட்டு நான் அதிசயித்து நின்றபொழுது, அவர் சொன்ன வேறொன்று என்னைத் தைத்தது. இயற்கை வாயுவுக்கு உண்மையில் மணமே கிடையாது. அந்தக் கூழ்முட்டை நாற்றம் மனிதர் கலப்பது. கந்தகம் சேர்ந்த ஒரு பொருள். அது கலக்கும்படி சட்டமானதற்குப் பின்னால் ஒரு பாடசாலையின் கதை இருக்கிறது. 1937 மார்ச் 18ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பாடசாலையின் அடித்தளத்தில் மணமில்லாத வாயு ஒருவருக்கும் தெரியாமல் நிறைந்திருந்தது. மரவேலை அறையில் ஒரு மின்கருவியை இயக்கியபொழுது எழுந்த பொறியில் கட்டடமே வெடித்து, ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மாணவர். அதன் பின்னரே வாயுவுக்கு நாற்றமூட்டுவது கட்டாயமாயிற்று. முப்பத்து மூன்று ஆண்டு வகுப்பறையில் நின்றவளுக்கு இதைக் கேட்டபொழுது எப்படியிருந்திருக்கும்! அந்தப் பிள்ளைகளின் சாவினால் எனக்குக் கிடைத்த எச்சரிக்கையை, நீர் தேங்கிய நாற்றமென்று நான் தள்ளிவிட்டேன்.

இங்கே இலங்கை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்காபரோவில் குழாயில் வருவது இயற்கை வாயு. காற்றைவிட இலேசானது, மேலே எழும். நம்முடைய சமையலறைகளில் சிலிண்டரில் அடைத்து வருவது வேறு சாதி. அது காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்திலே தவழ்ந்து, தாழ்ந்த மூலைகளில் கிடக்கும். நின்றபடி மோந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக் கூடாது. குனிந்து தரையருகே மோக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டின் பல வீடுகளில் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்பொழுது நான் ஊரிலிருந்தேன். அயலிலே ஒரு பெண், மணக்கிறதா என்று பார்க்க விளக்கைப் போட்டாள் என்று கேள்விப்பட்டுக் கால்நடையாகவே போய் ஏசிவிட்டு வந்தேன். ஏச எனக்கு என்ன யோக்கியதை என்று திரும்பி வரும் வழியில் எண்ணிக்கொண்டதும் உண்டு.

அந்தத் தம்பி போகுமுன் இன்னொரு கேள்வி கேட்டார்: நிலவறையில் காபனோரொட்சைட்டு அறிவிப்பான் இருக்கிறதா? இல்லை. மூக்குக்கு எட்டும் ஆபத்து ஒன்று. எட்டாத ஆபத்து வேறொன்று. வாயு சரியாக எரியாவிட்டாலோ, புகைபோக்கி அடைபட்டாலோ இந்த நஞ்சு பிறக்கும். மணமில்லை, நிறமில்லை. தலையிடி, மயக்கம், தூக்கம்; பின்பு எழும்புவதில்லை. நீலமாய் எரிய வேண்டிய சுடர் மஞ்சளாய்ச் சோம்பி எரிந்தால் சந்தேகிக்க வேண்டும். 2008 டிசம்பரில், அதே ஒன்ராறியோ மாகாணத்தின் வுட்ஸ்டொக் நகரில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இப்படி மாண்டது. கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்ததாம். அதன் விளைவாக 2013இல் அம்மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டு, எரிபொருள் பாவிக்கும் வீடுகளுக்கெல்லாம் அந்த அறிவிப்பான் கட்டாயமாயிற்று. மருமகன் அன்று மாலையே இரண்டு வாங்கி வந்தார்; படுக்கையறைகளுக்கு அருகில் ஒன்று.

சூட்டின் அளவைப் பற்றியும் எங்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. குழந்தை இருக்கிறதே, குறைத்து வைக்கலாமே என்றேன். தாங்கிக்குள் நீர் வெதுவெதுப்பாய்க் கிடந்தால் லெஜியனெல்லா என்ற கிருமி வளரும். ஆகவே உள்ளே 60 பாகை இருக்கட்டும் என்றார். ஆனால் 60 பாகை நீர் சில வினாடிகளிலேயே தோலை அவித்துவிடும். அதற்காகக் குளிர்நீரையும் வெந்நீரையும் சேர்த்து 49 பாகைக்கு இறக்கி விடும் கலப்பு வால்வு ஒன்று தாங்கியின் தலையில் இருக்கிறது. என் தாயாரின் முழங்கை செய்த வேலையை அந்தப் பித்தளைத் துண்டு செய்கிறது.

இனி, நானே அதை அணைத்துக் கொளுத்திய கதைக்கு வருகிறேன். விஸா நீடித்திருந்தபடியால் ஆனி, ஆடி மாதங்களிலும் அங்கேதான் இருந்தேன். தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாய்த் திருகி சொட்டத் தொடங்கியது. அதை மாற்ற வருபவர் மறுநாள் காலை வருவாராம். அதற்குள் தாங்கி வெறுமையாகி இருக்க வேண்டுமாம். மருமகன் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், “மாமி, நீங்கள் பூட்டி வையுங்கோ. எல்லாருக்கும் பாடம் எடுக்கிறீங்கள்தானே,” என்றார். பரிகாசமா, நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பேத்தி ரோர்ச் விளக்கோடு உதவிக்கு நின்றாள். முதலிலே நெருப்பு, நீர் அதற்குப் பின்புதான். இந்த வரிசை மாறக் கூடாது. நீரை வடியவிட்டு நெருப்பை எரியவிட்டால், வெறும் பானையை அடுப்பில் வைத்த கதையாகத் தாங்கியே பழுதாகும். முன்பக்கத்துக் குமிழை ‘ஓப்’ என்ற இடத்துக்குத் திருப்பினேன். கையால் மட்டுமே திருப்ப வேண்டும். குறடு பிடிக்க வேண்டிய அளவுக்கு இறுகியிருந்தால், தொடாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். துவாரத்தில் சுடர் மறைந்தது. பிறகு வாயுக் குழாயின் கைப்பிடி. குழாயோடு ஒரே கோட்டில் நின்றால் வழி திறந்திருக்கிறது; குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது. குறுக்கே திருப்பினேன். அதற்குப் பின்னர் மேலே குளிர்நீர் உள்ளே வரும் வால்வை வலப்புறமாகச் சுற்றி மூடினேன்.

உடனே வடித்துவிட அவசரப்பட்டாள் பேத்தி. 60 பாகை நீர் என்று நினைவூட்டினேன். இந்த முறை கையைப் பிடித்தது நான். மாலைவரை ஆறவிட்டோம். பின்பு தோட்டத்துக் குழாயை அடித்திருகியில் பொருத்தி, மறுமுனையை நிலவறை வடிகாலுக்குள் விட்டு, மேல்மாடியில் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்தோம். மேலே காற்றுப் புக வழியில்லாவிட்டால் கீழே நீர் இறங்காது. இளநீரில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் தெரியும். முதலில் வந்த நீர் வெண்மணல் போன்ற படிவோடு வந்தது. சுண்ணாம்புப் படிவு. அடியில் அது தடிப்பாய்ப் படிந்தால் சூடு மேலேறாது; தாங்கி சோற்றுப்பானை போலக் குமுறும் என்று அந்தத் தம்பி முன்னமே சொல்லியிருந்தார். பக்கவாட்டில் ஓர் அமுக்கத் தளர்வு வால்வும் இருக்கிறது. உள்ளே சூடோ அமுக்கமோ எல்லை மீறினால் அது தானே திறந்து உயிரைக் காக்கும். ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிட்ட புத்திசாலிகளும் உலகில் உண்டாம்.

மறுநாள் திருகியை மாற்றியவர் தம் வேலையோடு போய்விட்டார். கொளுத்துவது அவர் தொழிலல்லவாம். வடிதிருகியை மூடி, குளிர்நீரைத் திறந்தேன். மேலே திறந்திருந்த குழாய் முதலில் கிழவர் இருமுவதுபோல் இருமியது, துப்பியது, நின்றது, மறுபடியும் துப்பியது. கடைசியில் ஒரே சீராக நீர் ஓடத் தொடங்கியதும், “இனி இருமேல்லை, அம்மம்மா!” என்று பேத்தி மேலிருந்து கூவினாள். தாங்கி நிறைந்துவிட்டது. அதன் பின்னரே நெருப்பைப் பற்றி நினைக்கலாம்.

குமிழ் அணைந்த நிலையிலேயே இருக்க, ஐந்து நிமிஷம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். தாளில் அப்படித்தான் இருக்கிறது. எங்காவது தங்கிய வாயு இருந்தால் கலைந்து போவதற்காக. பிறகு மோந்து பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தரையருகிலும் மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கைப்பிடியைக் குழாயோடு நேராக்கினேன். பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவினேன், குமிழி எழவில்லை. குமிழை ‘பைலற்’ என்ற இடத்துக்குக் கொண்டுவந்து அமுக்கிப் பிடித்து, மற்றக் கையால் பொறிப் பொத்தானைத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது தட்டலில் துவாரத்துக்குள் நீலம் பூத்தது.

ஆனந்தத்தில் கையை எடுத்துவிட்டேன். சுடர் போய்விட்டது.

காவற்காரனுக்குச் சூடேறுமுன் விட்டுவிட்டேன். மெல்லிய முனைதான், ஆனாலும் அதற்கு ஒரு நிமிஷம் வேண்டும். அதுவரை நம்முடைய கையே அவனுடைய கை. உடனே மறுபடியும் தட்டினால் என்ன என்று பழைய பிடிவாதம் உள்ளே எழும்பியது. குமிழை ‘ஓப்’ ஆக்கிவிட்டு, நிலவறைப் படியில் உட்கார்ந்து, இன்னுமோர் ஐந்து நிமிஷம் எண்ணினேன். பல தடவை முயன்றும் சுடர் நில்லாவிட்டால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஆளை அழைப்பது என்று பேத்தியிடம் சொல்லிவைத்தேன். சொன்னால்தானே பிறகு மீற வெட்கம் வரும்.

இரண்டாம் முறை சுடர் ஏற்றி, அமுக்கிய கையை எடுக்காமல், அவளைக் கொண்டு அறுபதுவரை எண்ணுவித்தேன். தமிழில் எண்ணினாள், நாற்பதுக்கு மேல் சற்றுத் தடுமாறினாள். அறுபதில் மெல்ல விட்டேன். சுடர் நின்றது. முகத்தைத் துவாரத்துக்கு நேரே வைக்காமல் ஒதுங்கி நின்று, குமிழை ‘ஒன்’ என்ற இடத்துக்குத் திருப்பினேன். உள்ளே ஒரு பெருமூச்சு. அடுப்பு முழுவதும் நீலமாய் விரிந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்து, ஆறு மாதப் பேரனைக் குளிக்க வார்க்கச் சிறு தொட்டியில் நீர் பிடித்தேன். கலப்பு வால்வு இருக்கிறது, 49 பாகை என்று முள் காட்டுகிறது, எல்லாம் சரிதான். இருந்தாலும் அது குழந்தைக்குச் சூடு அதிகம். குளிர்நீரை இன்னும் விட்டுக் கலந்து, சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கையை நனைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பேத்தி தானும் தன் முழங்கையை நனைத்துவிட்டு, “காணும், அம்மம்மா,” என்றாள்.